விழக் கண்டேன்: ஒரு விடைத்தாளும் என் சிவப்பு மையும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பேச்சை மதிய உணவுக்குப் பிறகு வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் இலக்கணம் பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்று ஆறாம் பாடவேளை எடுக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இலக்கணத்தில் தொடங்கவில்லை. ஒரு விடைத்தாளில் தொடங்குகிறேன்.

நான் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து நான்காவது ஆண்டு. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு. பள்ளிக்கு வரும் வழியில் நீ கண்ட ஒரு நிகழ்ச்சியை ஒரு பத்தியில் எழுது என்று ஒரு கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடம் செய்த விபத்தை எழுதியிருந்தார்கள். முப்பது தாளிலும் அதே லாரி, அதே மரம், அதே ஆம்புலன்ஸ். ஒரு மாணவி மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். சைக்கிளின் இரு பக்கமும் தண்ணீர்க் குடங்களைக் கட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், அவள் கண் முன்னால் சறுக்கி விழுந்திருக்கிறார். அதில் ஒரு வாக்கியம்: "ஐ சா ஆன் ஓல்டு மேன் ஃபால்."

'ஃபால்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மேலே 'ஃபெல்' என்று எழுதி அரை மதிப்பெண் குறைத்தேன். நடந்து முடிந்த செயல், அப்படியென்றால் இறந்தகாலம் வர வேண்டும் என்பது என் கணக்கு. தாள் கொடுத்த அன்று அவள் எழுந்து வந்து, "டீச்சர், நூலகக் கதைப் புத்தகத்துல இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "அது அச்சுப் பிழையா இருக்கும், போய் உட்காரு" என்றேன். அதோடு விடவில்லை. "ஐ சா ஹிம் ஃபெல்" என்பதைக் கரும்பலகையில் எழுதி வகுப்பு முழுவதையும் மூன்று முறை எழுத வைத்தேன்.

அவள் எழுதியது சரி. நான் எழுத வைத்தது தவறு. அது எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆசிரியர் அறை அலமாரியில் அட்டை போன பழைய ஹார்ன்பி அகராதி ஒன்று கிடந்தது. வேறு எதற்கோ 'சீ' என்ற வினையைப் புரட்டியபோது, அவள் எழுதிய அதே அமைப்பில் எடுத்துக்காட்டு இருந்தது. அதற்குள் அவள் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள். அரை மதிப்பெண்ணைக்கூட விட்டுவிடுங்கள். அந்தக் காலாண்டுக்குப் பிறகு அவள் சொந்தமாக எதையும் எழுதவில்லை. அரையாண்டுத் தேர்வில் அவளும் லாரியையும் மரத்தையும்தான் எழுதினாள்.

அந்த அகராதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ. எஸ். ஹார்ன்பி 1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். அகராதி முதலில் 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, அதன் பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதும் தெரிந்தாக வேண்டும் என்பது அவர் கண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. ஜப்பானியப் பிள்ளைக்குத் தேவை, நம் பிள்ளைக்கும் தேவை. 1954இல் இந்த வினை அமைப்புகளுக்கென்றே தனி நூலும் எழுதினார்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். 'ஃபால்' ஏன் 'ஃபெல்' ஆகவில்லை? பெரியவர் ஒருவர்தானே, 'ஃபால்ஸ்' என்றாவது ஏன் வரவில்லை? எனக்கு இதைப் புரியவைத்தது ஆங்கில இலக்கணப் புத்தகம் அல்ல, பக்கத்து நாற்காலியில் இருந்த தமிழாசிரியர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதுல என்னம்மா இருக்கு? விழக் கண்டேன். அவ்வளவுதானே?"

விழக் கண்டேன். விழக் காண்கிறேன். விழக் காண்பேன். அவன் விழக் கண்டேன், அவள் விழக் கண்டேன், அவர்கள் விழக் கண்டேன். 'விழ' எங்கேயாவது மாறுகிறதா? காலத்தைக் 'கண்டேன்' சுமக்கிறது. 'விழ' என்பது செயலின் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளைப் பட்டியலிடும்போது சொல்லும் 'செய' என்னும் வாய்பாடு இது. ஆங்கிலத்தின் 'டு' இல்லாத இன்ஃபினிட்டிவும் இந்த இடத்தில் இதே வேலையைத்தான் செய்கிறது. "ஐ ஹெர்டு ஹர் சிங்" என்றால் அவள் பாடக் கேட்டேன்.

'விழக் கண்டேன்' என்பது செய்யுள் நடை, பிள்ளைகளுக்குப் புரியாது என்று நீங்கள் சொல்லலாம். பாதி உண்மை. ஆனால், "எங்க பாட்டி சொல்லக் கேட்டிருக்கேன்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்த சிக்கலுக்கு வருவோம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை நாள்தோறும் கேட்டிருப்பீர்கள்: "மிஸ், ஐ சா ஹி இஸ் ரன்னிங்." இதைத் திருத்துகிறோம், மறுநாள் மீண்டும் வருகிறது. பிள்ளைக்குக் கவனமில்லை என்று நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை தமிழைச் சரியாகப் பின்பற்றுகிறது. 'அவன் ஓடுவதைப் பார்த்தேன்' என்ற வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' எங்கே ஒட்டியிருக்கிறது? 'அவன்' மீது இல்லை. 'ஓடுவது' மீது. நாம் பார்த்தது ஓட்டத்தை; ஓடியவன் எழுவாயாகவே நிற்கிறான். ஆங்கிலத்தில் அந்த உருபு செயலின் மீது ஒட்டாது, ஆள் மீது ஒட்டும். முதலில் ஆளைப் பார்க்க வேண்டும்: "ஐ சா ஹிம்." பிறகு அவன் செய்ததைச் சொல்ல வேண்டும்: "ஐ சா ஹிம் ரன்னிங்." அவனைப் பார்த்தேன், ஓட. தமிழில் இப்படி எழுதினால் கோணலாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு மொழிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோணலில்தான் இருக்கிறது. வகுப்பில் நான் இதைக் கையால் காட்டுவேன். முதலில் விரலை ஆளை நோக்கி நீட்டி "ஹிம்", அப்புறம் அவன் ஓடும் திசையில் விரலை இழுத்து "ரன்னிங்". மூன்றாம் வகுப்புக்கு இலக்கணச் சொல் ஒன்றுகூட வேண்டியதில்லை.

சரி, 'ரன்' என்றும் வருகிறது, 'ரன்னிங்' என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பனையேறி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் வருகிறார், மரத்தைக் கும்பிடுகிறார், ஏறத் தொடங்குகிறார், பாளை வரை போய்விட்டார். அடியிலிருந்து நுனி வரை பார்த்துவிட்டீர்கள். "ஐ சா ஹிம் கிளைம்ப் த ட்ரீ." இப்போது அதே மரத்தை ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து பாருங்கள். அவர் பாதி மரத்தில் இருக்கிறார், பேருந்து போய்விட்டது. "ஐ சா ஹிம் கிளைம்பிங் த ட்ரீ." திண்ணைப் பார்வைக்கு வெறும் வினை, சன்னல் பார்வைக்கு 'இங்'. என் வகுப்பில் இதற்கு இந்தப் பெயர்கள்தாம் வழக்கு. "இது திண்ணையா, சன்னலா?" என்று கேட்டால் போதும், பிள்ளைகள் தாமே திருத்திக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'இங்' வந்தால் செயல் முடியவில்லை என்று கற்பித்துவிடாதீர்கள். அவர் உச்சி வரை ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். பார்த்தவர் அதைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் மறுபக்கம் கறாரானது. ஒருவர் சாலையைக் கடக்கும்போது நடுவில் வண்டி மோதியது என்றால், "ஐ சா ஹிம் கிராஸ் த ரோடு" என்று எழுதக்கூடாது. அந்த வாக்கியத்தில் அவர் மறுகரை சேர்ந்துவிட்டார். 'கிராஸிங்' என்றுதான் எழுத வேண்டும். பாதையை முழுதாகச் சொல்லும் வினைகளில் இந்தச் சிறு வேறுபாடு ஆளை எங்கே நிறுத்துகிறது பாருங்கள். பிள்ளைகள் விபத்து எழுதும்போது இது விளையாட்டல்ல. கண்ணால் கண்டவர் எழுதுவது சாட்சியம்.

இன்னும் இரண்டு இடங்கள். அடுத்தடுத்து நடந்தவற்றைச் சொல்லும்போது வெறும் வினைதான் இயல்பு. கேட்டைத் திறந்தான், சுற்றும் முற்றும் பார்த்தான், உள்ளே போனான் என்ற மூன்றையும் கண்டால், "ஐ சா ஹிம் ஓபன் த கேட், லுக் அரவுண்ட் அண்ட் கோ இன்." படிப்படியாக ஒரு வரிசை. இரண்டாவது, நொடியில் முடியும் செயல்கள். "ஐ ஹெர்டு ஹிம் காஃப்" என்றால் ஒரு முறை இருமினார். "காஃபிங்" என்றால் இருமிக்கொண்டே இருந்தார். கதவைத் தட்டுவதும், குதிப்பதும், கை தட்டுவதும் இப்படியே. 'இங்' வந்தால் திரும்பத் திரும்ப.

உட்காருவதும் படுப்பதும் பிள்ளைகளை நிறையவே தடுக்கி விழவைக்கின்றன. தமிழில் நாம் 'உட்கார்ந்தான்', 'உட்கார்ந்திருந்தான்' என்று பிரித்துவிடுகிறோம். "ஐ சா ஹிம் சிட் டவுன்" என்றால் உட்கார்ந்த செயல். "ஐ சா ஹிம் சிட்டிங் தேர்" என்றால் உட்கார்ந்திருந்த நிலை. ஆலமரத்தடியில் பாட்டி அமர்ந்திருப்பதை விவரிக்கச் சொன்னால் 'இங்' வேண்டும். படம் பார்த்து விவரிக்கும் பயிற்சிகளில் இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

காதுக்கு வருவோம். வகுப்பில் சண்டை வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி: "நீ பார்த்தியா, இல்ல யாராவது சொல்லிக் கேட்டியா?" தமிழில் கேட்டேன் வேறு, கேள்விப்பட்டேன் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹியர்' என்ற ஒரே வினை. வேறுபாட்டை அமைப்புதான் காட்டுகிறது. "ஐ ஹெர்டு ஹர் க்ரை" என்றால் அழுகுரல் என் காதில் விழுந்தது. "ஐ ஹெர்டு தட் ஷி க்ரைடு" என்றால் யாரோ வந்து சொன்னார்கள். நடுவில் 'தட்' வந்ததும் நேரில் கேட்டது செவிவழிச் செய்தியாகிவிட்டது. 'சீ'யும் அப்படியே: "ஐ சா தட் ஹி ஹேட் லெஃப்ட்" என்றால் அவர் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று பொருளில்லை. நாற்காலி காலியாக இருந்தது, போய்விட்டார் என்று புரிந்துகொண்டேன்.

நம் பிள்ளைகள் பேசும்போது வரும் "ஐ ஆம் ஹியரிங் சம்ஒன் சிங்கிங்" என்பதற்கும் மருந்து உண்டு. 'கேன்' போட்டால் போதும்: "ஐ கேன் ஹியர் சம்ஒன் சிங்கிங்." இறந்தகாலத்துக்கு 'குட் ஹியர்'. 'கேன்' வந்தால் தொடர்ந்து கேட்கிறது என்று பொருள், அதனால் பின்னால் பெரும்பாலும் 'இங்' வடிவமே வரும். 'ஸ்மெல்' என்ற வினைக்கு 'இங்' மட்டும்தான்: "ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்." பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த 'காட்' என்ற வினைக்கும் 'இங்' மட்டும்தான். அதற்கு எடுத்துக்காட்டு நான் சொல்ல வேண்டியதில்லை, தேர்வு அறையில் நின்றவர்கள் நீங்கள்.

செயப்பாட்டு வினையில் போன 'டு' திரும்பி வரும் என்பதை மேல்வகுப்பு எடுப்பவர்கள் நினைவில் வையுங்கள்: "ஹி வாஸ் சீன் டு என்டர் த ரூம்." பேச்சில் இது அரிது. 'இங்' வடிவம்தான் செய்தித்தாளில் அதிகம். காணாமல் போனவரைப் பற்றிய அறிவிப்பில் கடைசியாக எங்கே நடந்து போகக் காணப்பட்டார் என்று வரும் "வாஸ் லாஸ்ட் சீன் வாக்கிங்" அப்படிப்பட்டது. தேர்வுக்கு இதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் என் பிள்ளைகளின் பத்தி ஏனோ நொண்டியது. "ஹி ரேன் அண்ட் கேம் அவுட் அண்ட் கிராஸ்டு" என்று எழுதினார்கள். பிழை இல்லை, ஆனால் ஆங்கிலமாக இல்லை. லியோனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் மொழிகளை இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரிக்கிறார். சில மொழிகளில் போகும் வழி முதன்மை வினைக்குள் இருக்கும். சிலவற்றில் வழி வினைக்கு வெளியே, பக்கத்தில் நிற்கும். நாம் நுழைந்தான், ஏறினான், இறங்கினான், கடந்தான் என்கிறோம். எப்படிப் போனான் என்பதை ஓடி, தவழ்ந்து, தள்ளாடி என்று எச்சத்தில் சேர்க்கிறோம்: தள்ளாடியபடி தெருவைக் கடந்தார். ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது. எப்படி என்பது வினைக்குள் போய்விடும், வழி ஒரு சிறு சொல்லாகப் பின்னால் வரும்: "ஹி ஸ்டேகர்டு அக்ராஸ் த ரோடு." ஆகவே 'அக்ராஸ்', 'இன்டு', 'அவுட் ஆஃப்', 'பாஸ்ட்', 'அப்' ஆகிய ஐந்தாறு சொற்களைக் கற்பித்துவிட்டால் பிள்ளையின் வாக்கியம் நடக்கத் தொடங்கிவிடும். "ஐ சா ஹர் ரன்னிங் அவுட் ஆஃப் த ஹவுஸ்." இதில் மூன்று தமிழ் வினைகள் அடங்கிவிட்டன.

நடையைக் காட்டும் வினைகளைப் பிள்ளைகளை நடிக்க வைத்துக் கற்பிப்பது நல்ல வழி. பூனைபோல் அடிமேல் அடிவைத்துப் போவது, களைத்துக் காலை இழுத்து நடப்பது, நெஞ்சை நிமிர்த்தி எட்டு வைப்பது. ஆனால் 'லிம்ப்' என்ற வினையை நான் நடிக்க விடுவதில்லை. ஒருமுறை விட்டேன். ஒரு பையன் எழுந்து நடித்தது எங்கள் வகுப்பிலேயே இருந்த இன்னொரு பையனின் நடை. வகுப்பு சிரித்தது. அவன் மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கதையில் வரும் நாய்க்குட்டிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

காதுக்கு ஒரு விளையாட்டு உண்டு. செலவில்லாதது. எல்லோரும் கண்ணை மூடித் தலையை மேசையில் வைக்க வேண்டும். ஒருவர் எழுந்து ஏதாவது செய்வார்: சாக்பீஸைக் கீழே போடுவார், சன்னலைத் திறப்பார், வராந்தா வரை நடப்பார். கண் திறந்ததும் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். "ஐ ஹெர்டு சம்ஒன் ஓபன் த விண்டோ." "ஐ ஹெர்டு சம்ஒன் வாக்கிங் டு த டோர்." ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை, "ஐ ஹெர்டு டீச்சர் லாஃபிங்" என்று எழுதியிருந்தது. நான் சிரித்தது எனக்கே தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட நான் இப்போது கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. பிள்ளை எழுதிய வாக்கியம் எனக்குப் புதிதாகப் பட்டால் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவேன். வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்ப்பேன். அடுத்த நாள் "இதை எங்கே படித்தாய்?" என்று கேட்பேன். போன மாதம்கூட எட்டாம் வகுப்புத் தாளில் இரண்டு பென்சில் குறிகள் போட்டேன். ஒன்று பிள்ளையின் தவறு. மற்றொன்றை அந்தப் பிள்ளைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பேச்சு போதும். தாள் எல்லோரிடமும் இருக்கிறது. முதல் வரிசையில் இருக்கும் சார், நீங்கள் எழுந்து கதவு வரை போய், கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள். மற்றவர்கள் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். சார், தொடங்கலாம்.